மூன்றாவது மாடியில் மிருதங்கம்: அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யாமல் எங்கே சாதகம் செய்வது?

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு அப்பாவின் கேள்வி இது. 13 வயது மகன் மூன்று வருடமாக மிருதங்கம் கற்கிறான். தினமும் இரண்டு மணி நேரமாவது சாதகம் செய்ய வேண்டும் என்று வாத்தியார் சொல்கிறார். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து சொல்லிப் பார்த்தார், இப்போது குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அறைக்கு சவுண்ட் ப்ரூஃப் செய்யலாமா, வெளியே இடம் தேடுவதா, தேடினால் எங்கே கிடைக்கும்?

நானும் மிருதங்கக்காரன்தான். மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன். ஒரே கிணறு, ஆறு குடித்தனம், நடுவில் நான். இடது கையால் அழுத்தி முழங்க வைக்கும் கும்கியைப் பழக ஆரம்பித்த வருடம், பக்கத்துப் போர்ஷன் மாமி வாசலில் வந்து நின்று, "ஏண்டா அம்பி, அந்த 'தொம்'மை மட்டும் விட்டுட்டு வாசிக்கப்படாதோ?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது, மாமி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார் என்று.

மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் விழும் 'நம்', 'தின்', சாப்பு எல்லாம் கூர்மையான ஒலிகள். கதவைச் சாத்தினால், ஒரு சுவர் குறுக்கே வந்தால் பெருமளவு அடங்கிவிடும். இடது பக்கமான தொப்பியின் 'தொம்' அப்படியில்லை. தாழ்ந்த ஒலி சுவரைச் சுலபமாகத் தாண்டும். அதைவிட மோசம், மிருதங்கம் உங்கள் மகனின் காலின் மேலும் தரையிலும் பட்டுக்கொண்டு இருக்கிறது. அடி விழும்போது அதிர்வு நேராக கான்கிரீட் தளத்துக்குள் இறங்குகிறது. அந்தத் தளம்தான் கீழ்வீட்டுக்காரரின் கூரை. அவர் காதில் விழுவது உங்கள் மகனின் வாசிப்பே இல்லை. தலைக்கு மேல் யாரோ விட்டுவிட்டு இடிப்பது போன்ற ஒரு சத்தம்தான். தாளமாவது கேட்டால் கொஞ்சம் ரசித்திருப்பார், பாவம்.

சவுண்ட் ப்ரூஃப் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். முட்டை அட்டை ஒட்டாதீர்கள். கடையில் விற்கும் கூம்பு கூம்பான பஞ்சு ஷீட்டும் வேண்டாம். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தைத் தடுப்பதற்கு வேண்டியது கனம், இடைவெளியில்லாத அடைப்பு, அதிர்வு தாவாதபடி பிரித்து வைப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது அறைக்குள் இன்னொரு அறை கட்டுவதாக ஆகிவிடும். தனித் தளம், இரட்டைச் சுவர், ரப்பர் வைத்த கனமான கதவு. காற்றும் புகாது என்பதால் ஏசி இல்லாமல் மே மாதம் உள்ளே உட்கார முடியாது. வாடகை வீடு என்றால் பேச்சே இல்லை. சொந்த வீடாக இருந்தாலும், அந்தப் பணத்தில் ஒரு மிருதங்கம் கூடுதலாக வாங்கி, வெளியே ஒரு இடத்துக்கு சில வருடம் வாடகையும் கொடுத்துவிடலாம்.

அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியது தரையைப் பிரிப்பது. ஜிம்மில் போடும் கனமான ரப்பர் விரிப்பு, அதன் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் மடித்த ஜமுக்காளம். அதில் உட்கார்ந்து வாசிக்கட்டும். மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் வெறும் தரையில் படவே கூடாது. மெத்தையில் உட்கார்ந்து வாசிப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடுப்பு புதைந்து, வாத்தியம் சாய்ந்து, கை வாகு கெட்டுப்போகும். அதைத் திருத்த ஒரு வருடம் ஆகும்.

அடுத்தது எந்த அறை. அடுக்குமாடியில் உங்கள் படுக்கையறைக்குக் கீழே அவர்கள் படுக்கையறை, சமையலறைக்குக் கீழே சமையலறை. ஆனால் எல்லோரும் பிள்ளையைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். தூங்குகிறவர் தலைக்கு நேர் மேலே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்தினோமே என்று திருப்திப்பட்டுக்கொள்கிறோம். சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு இடத்துக்கோ ஹாலுக்கோ மாற்றிப் பாருங்கள். பாத்ரூம் பக்கம் வேண்டாம், குழாய் போகும் டக்ட் வழியாக எல்லா மாடிக்கும் கேட்கும். கார் நிறுத்தும் தரைத்தளமும் வேண்டாம். காலியாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே அடித்தால் கட்டடம் முழுவதும் குடம் போல முழங்கும். மொட்டை மாடி பகலில் பரவாயில்லை, ராத்திரியில் நான்கு தெருவுக்குக் கேட்கும்.

இப்போது அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன். எல்லோரும் இடத்தைத் தேடுகிறார்கள். சாதகத்தைப் பிரித்துப் பார்ப்பவர் குறைவு. முழு நாதத்தோடு வாசித்தே தீர வேண்டிய வேலை அந்த இரண்டு மணியில் 40 நிமிஷம்கூட இருக்காது. மற்றதைச் சத்தமில்லாமல் செய்யலாம், சிலவற்றைச் சத்தமில்லாமல் செய்வதுதான் நல்லது.

சொற்கட்டை, அதாவது மிருதங்க அடிகளை வாயால் சொல்வதை, எடுத்துக்கொள்ளுங்கள். கோர்வை, மோரா, தீர்மானம் எல்லாவற்றையும் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பழக வேண்டும். வாயில் வராத கணக்கு கையில் வராது என்று எங்கள் வாத்தியார் மாதக்கணக்கில் வாத்தியத்தையே தொட விடாமல் சொல்ல வைத்தார். ஆதி தாளத்தில் இரண்டு களை போட்டுக்கொண்டு கொன்னக்கோல் சொல்வதற்கு முணுமுணுக்கிற குரல் போதும். பள்ளி வேனில் சொல்லலாம், மின்சார ரயிலில் சொல்லலாம். பக்கத்து சீட்டில் இருப்பவர் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார், அவ்வளவுதான்.

விரல் பலம், வேகம், கை வைக்கும் இடம், இவற்றுக்கு வலந்தலையிலும் தொப்பியிலும் துணியை மடித்துப் போட்டு வாசிக்கலாம். தவில் பழகும் பிள்ளைகள் மரக்கட்டையில் தட்டிப் பழகுவதைப் பார்த்திருக்கிறேன், அதே வேலைதான். 'த தி தொம் நம்'மை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், துணிமேல் அரை மணி நேரம் போட்டுவிட்டு, துணியை எடுத்தால் கை பறக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. துணி எல்லாக் குற்றத்தையும் மறைத்துவிடும். மீட்டு சரியாக விழுந்ததா, சாப்பு சுத்தமாக இருக்கிறதா என்று நாதம் கேட்டால்தான் தெரியும். துணியிலேயே வளர்ந்த கை மேடையில் தட்டும், வாசிக்காது. அதனால் மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் துணி வேண்டாம்.

மாமி கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. தொப்பியின் நடுவில் ஒட்டும் ரவை மாவைப் போடாமல் வாசிப்பது. ரவையின் கனம் இல்லாவிட்டால் அந்த ஆழமான முழக்கம் வராது, கீழே இறங்கும் அதிர்வும் கணிசமாகக் குறையும். வலந்தலைச் சொற்களை மட்டும் உழைக்கிற நாட்களில் இப்படி வாசிக்கலாம். கும்கி பழக ரவை வேண்டும், அதை வெளி இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, வீட்டுக்கு வெளியே தேட வேண்டியது தினம் 40 நிமிஷம், அல்லது வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம். இப்படிச் சுருக்கிக்கொண்டு போய்க் கேட்டால் கதவுகள் திறக்கும். "தினம் இரண்டு மணி நேரம் இடம் தருவீர்களா" என்று கேட்டால் யார் தருவார்கள்?

என் அனுபவத்தில் முதல் இடம் பரதநாட்டியம் சொல்லித்தரும் வீடுகள். தென் சென்னையில் பல தெருக்களில் ஒன்றாவது இருக்கும். வகுப்பு பெரும்பாலும் மாலையில்தான், பகலில் கூடம் காலி. அக்கம்பக்கத்தாருக்குத் தட்டுக்கழி சத்தமும் ஜதியும் ஏற்கனவே பழகிவிட்டிருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. மாணவிகள் அடவு போடும்போது பையன் உட்கார்ந்து வாசித்தால் டீச்சருக்கு உதவி, இவனுக்கு லயப் பயிற்சி. வாடகை பேச வேண்டிய அவசியமே வராமல் போகலாம்.

இரண்டாவது பஜனை. மாம்பலம், மயிலாப்பூர், நங்கநல்லூர் பக்கம் வாரம் ஒருநாள் பஜனை நடக்கும் மடங்களும் வீடுகளும் இன்னும் இருக்கின்றன. அங்கே மிருதங்கத்துக்கு எப்போதும் ஆள் தேவை. போய் இடம் கேட்காதீர்கள், "பையன் வாசிக்கட்டுமா?" என்று கேளுங்கள். நாலு சனிக்கிழமை ஒழுங்காக வந்து வாசித்த பையன் மற்ற நாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழகட்டுமா என்று கேட்டால் சாவியையே கொடுத்துவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஏழு வருடம் ஒரு பஜனை மடத்துத் திண்ணையறையில்தான் சாதகம். விளக்கு கிடையாது, கொசு உண்டு. இன்றைக்கு என் கையில் இருக்கும் நாதம் அங்கே வந்ததுதான்.

கல்யாண மண்டபத்தை யாரும் யோசிப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, மண்டபம் சும்மா கிடக்கும். மற்ற மாதங்களிலும் பல நாட்கள் காலிதான். மேனேஜரிடம் பேசுங்கள். மேடை வேண்டாம், சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை போதும், ஃபேன் ஒன்று போதும், கரண்டுக்கு ஏதாவது கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள். முகூர்த்த நாட்களை முன்கூட்டியே கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். கோயில் மண்டபம் என்றால், உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்தும் நேரத்தில் உள்ளே இருக்க விட மாட்டார்கள், நடை திறந்திருக்கும்போது கூட்டம். சின்னக் கோயிலாக இருந்து நிர்வாகத்தில் தெரிந்தவர் இருந்தால்தான் சரிப்படும்.

பள்ளிக்கூடத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் வகுப்பறைகள் காலி. பையன் படிக்கும் பள்ளியிலேயே இசை ஆசிரியர் மூலமாகக் கேளுங்கள். வாத்தியத்தை அங்கேயே பூட்டி வைக்க ஒரு அலமாரி கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, ஏனென்றால் மிருதங்கத்தைத் தினமும் மூன்று மாடி இறக்கி ஏற்றுவது 13 வயதுப் பிள்ளைக்கு ஆகாது. அரசு ஜவகர் சிறுவர் மன்றங்களும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் இருக்கும் ஊர்களில், அங்கே சேர்ந்துவிட்டால் வகுப்பு நேரத்துக்கு முன்னும் பின்னும் உட்கார இடம் கேட்கலாம். ஜாம் ரூம் என்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் அறைகள் பேண்ட் வைத்திருப்பவர்களுக்காக. மணிக்குச் சில நூறு ரூபாய் ஆகும். நான்கு பேர் பங்குபோட்டால் கட்டுப்படியாகும், தனி ஆளுக்குத் தினமும் முடியாது.

கடற்கரை? எல்லோரும் சொல்வார்கள், நானும் போயிருக்கிறேன். திருவான்மியூர் கடற்கரையில் விடியற்காலை உட்கார்ந்து வாசிப்பது சினிமாவில் நன்றாக இருக்கும். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், தோலை இறுக்கும் வாரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்புக் கரணை வெடிக்கும். மணல் எங்கே புகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அலைச் சத்தத்தில் தன் சத்தம் கேட்காமல் பிள்ளை ஓங்கி அடிக்கத் தொடங்கும், அந்தப் பழக்கம்தான் பெரிய ஆபத்து. புல்லாங்குழலுக்கோ வாய்ப்பாட்டுக்கோ கடற்கரை ஒத்துவரும். நியூயார்க்கில் சாக்ஸபோன் மேதை சோனி ரோலின்ஸ் 1959 முதல் 1961 வரை வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று மணிக்கணக்கில் சாதகம் செய்தார். பக்கத்து வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தார், அவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். ரயிலும் காரும் ஓடும் பாலத்தில் சாக்ஸபோன் ஈடுகொடுக்கும். நம் ஊர் மேம்பாலத்தில் மிருதங்கம் வைத்து உட்கார்ந்தால் போக்குவரத்துப் போலீஸ்தான் வருவார்.

மற்ற வாத்தியக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வயலினுக்கு ரப்பர் மியூட் கிடைக்கிறது, தந்திகளைத் தாங்கும் குதிரையில் மாட்டினால் பக்கத்து அறைக்கே சரியாகக் கேட்காது. ஆனால் வில் அழுத்தம் மாறும், தினமும் கொஞ்ச நேரமாவது மியூட்டைக் கழற்றி வாசிக்க வேண்டும். வீணைக்குப் பிரச்சினையே இல்லை, மைக் வைத்தாலே கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை. கீபோர்டுக்கு ஹெட்போன். எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினால் சத்தமே வராது என்று கடைக்காரர் சொல்வார், நம்பாதீர்கள். காலால் மிதிக்கும் பெடல் தரையை இடித்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே பழைய டென்னிஸ் பந்துகளை வரிசையாகப் பதித்து அதன் மேல் வைத்தால் நிறையக் குறையும்.

நாகஸ்வரமும் தவிலும் தனிக்கதை. அவை வீட்டுக்குள் வாசிக்கப் பிறந்தவையே அல்ல, வீதியில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் போக வேண்டியவை. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை மட்டும் ஊதிப் பழகலாம், விரலடியை ஊதாமல் பழகலாம். மற்றபடி ஆற்றங்கரை, தோப்பு, பம்ப்செட் கொட்டகை என்றுதான் காலம் காலமாகப் போயிருக்கிறார்கள். நகரத்தில் மாட்டிக்கொண்ட நாகஸ்வர மாணவருக்கு வீட்டில் வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. கோயிலோ இசைப்பள்ளியோதான்.

நேரத்தைப் பற்றி. விடியற்காலை நாலரை மணி சாதகத்துக்கு உகந்தது என்று வாத்தியார் சொல்லியிருப்பார். உகந்ததுதான், ஆனால் அடுக்குமாடியில் அது சொற்கட்டுக்கான நேரம். ஒலி மாசு விதிகள் (2000) இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையை இரவு என்று கணக்கிடுகின்றன. 2010-ல் வந்த திருத்தத்தில் ஒலிபெருக்கியோடு இசைக்கருவிகளையும் சேர்த்துவிட்டார்கள். அரங்கம், சமுதாயக்கூடம் மாதிரி மூடிய இடங்களுக்குத்தான் இரவில் விலக்கு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் வரம்பு 55 டெசிபல், இரவில் 45. சாதாரணமாகப் பேசினாலே 60 பக்கம் வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில்தானே வாசிக்கிறோம் என்று சட்டம் பேசப் போனால் நமக்கும் அது சாதகமாக இருக்காது. அதனால் சட்டத்தை நாமாக எடுக்க வேண்டாம்.

காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் மிக்ஸி, குக்கர், தண்ணீர் மோட்டார். அந்த இரைச்சலில் அரை மணி நேர மிருதங்கம் கரைந்துவிடும். மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை கீழே பிள்ளைகள் கத்திக்கொண்டு விளையாடுவார்கள், அதுவும் நல்ல நேரம். மதியம் இரண்டிலிருந்து நான்கு தொடவே கூடாது. கட்டடத்தில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் யார், கைக்குழந்தை எந்த வீட்டில், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிப்பது யார் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு நடக்கும் வாரங்களில் வீட்டில் துணி மட்டும். துக்கம் நடந்தால் யாரும் சொல்லாமலே நிறுத்திவிட வேண்டும். இதற்கெல்லாம் பட்டியல் தேவையில்லை, உங்கள் வீட்டு அம்மாவுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும், கேளுங்கள்.

சங்கத்துக் கடிதத்துக்குப் பதில் கடிதம் எழுதாதீர்கள். கீழ்வீட்டுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். போய், "சார், எந்த நேரம் உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு?" என்று கேளுங்கள். பல பேருக்குச் சத்தத்தைவிட, எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று தெரியாததுதான் எரிச்சல். நேரம் குறித்துக் கொடுத்து, அந்த நேரத்தைத் தாண்டாமல் ஒரு மாதம் நடந்து காட்டினால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

அப்புறம் அங்கேயே இன்னொன்றும் கேளுங்கள். உங்களுக்கு நேரம் இருந்தால் பத்து நிமிஷம் நான் உங்கள் வீட்டில் உட்காரலாமா என்று. பையனை மேலே அனுப்பி, முதலில் படுக்கையறையில், பிறகு ஹாலில், பிறகு ரப்பர் விரிப்பு போட்டு, பிறகு ரவை எடுத்துவிட்டு என்று ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். கீழே அவரும் நீங்களும் கேளுங்கள். எது எவ்வளவு கேட்கிறது என்று அவரே சொல்வார், எந்த அறையில் வாசிக்கலாம் என்பதையும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்.